கொழுந்துத் தராசுக்குள் ஒரு செய்நிரல்

1985 ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் கணினிக்கென்று தனித் துறைகள் தொடங்கப்பட்டன. அதே ஆண்டில் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து லயங்கள் பலவற்றில் மின்சாரமே கிடையாது. ஒரு குப்பி விளக்கைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும். மூத்தது எழுந்து அம்மாவுக்கு ரொட்டி தட்டப் போனால் மற்ற இரண்டுக்கும் வெளிச்சம் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அந்த மூன்றில் ஒன்று பொறியியல் பீடம் போய், முதல் வருடத்தில் ஒரு செய்நிரல் எழுதும் என்று யாராவது சொல்லியிருந்தால் காம்பராவே சிரித்திருக்கும்.

பிள்ளைக்கு மூளை இருக்கிறதா என்பதல்ல அன்றைய கேள்வி. தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒரே மண்டபம், சில இடங்களில் ஒரே ஆசிரியர். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்களை எடுத்துக்கொண்ட அரசாங்கம், தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்க 1977 வரை காத்திருந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று கூறு போட்டது. அதனால் எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பையன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கமாட்டான். தலைமன்னாரில் கப்பல் ஏறியிருப்பான். மிஞ்சியிருந்தவர்களுக்கு 1983 ஜூலைக் கலவரம் வந்தது. பதுளை நகரமும் எரிந்தது. பாடசாலைக்காக நகரத்துக்கு அனுப்பிய பிள்ளையைத் தகப்பன் போய்த் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தான். படிப்பு அங்கேயே நின்றது.

இதையெல்லாம் தாண்டிப் பொறியியல் பீடத்துக்குள் கால் வைத்த தோட்டத்துப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். 1924 இல் பதுளைக்கு வந்த ரயில் பாதைதான் அவர்களையும் கொண்டுபோனது. பதுளையில் ஏறினால், தெமோதரை வளையத்தைச் சுற்றி, அப்புத்தளை மூடுபனியைக் கடந்து, பேராதனைச் சந்தியில் இறங்கும்போது பகல் போயிருக்கும். தேயிலைக்காகப் போட்ட பாதையில் தேயிலை பறித்தவர்களின் பிள்ளை புத்தகப் பெட்டியோடு போனது சின்னக் காரியமல்ல.

கணினிக்குத் துளையட்டை கொடுத்த காலத்தைக் கண்ட மூத்த பொறியியலாளர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாலும் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மொழி ஃபோர்ட்ரான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பேக்கஸ் தலைமையிலான குழு 1957 இல் வெளியிட்டது, பொறியியலாளர்களின் கணக்குக்காகவே பிறந்தது. ஒரு வரிக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு 80 நிரல்கள். முதல் ஐந்து நிரல்கள் இலக்கத்துக்கு, ஆறாவது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று காட்ட, ஏழிலிருந்து 72 வரைதான் உங்கள் கட்டளை. ஒரு நிரல் தள்ளி எழுதிவிட்டால் வரியின் அர்த்தமே போய்விடும். பென்சிலால் தாளில் எழுதி, அட்டையில் துளை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். கணினியைக் கண்ணால் பார்க்காமலே பாடத்தை முடித்தவர்களும் உண்டு. விடை அச்சாகி வரும்வரை காத்திருக்கவேண்டும். வருவது பெரும்பாலும் விடையாக இருக்காது. எங்கோ ஒரு காற்புள்ளி விடுபட்டது என்ற செய்தியாகத்தான் இருக்கும்.

காத்திருப்பு அட்டையோடு முடியவுமில்லை. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், 1987 இலிருந்து 1990 வரை, பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. உயர்தரம் சித்தியடைந்து கடிதத்துக்குக் காத்திருந்த பிள்ளை தோட்டத்துக்குத் திரும்பி, கணக்கப்பிள்ளை வேலைக்கு மனுப் போட்டது. அங்கேயே தங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் அட்டை போய்த் திரை வந்தது. டர்போ பாஸ்கல், டர்போ சி, நீல நிறத் திரை, மஞ்சள் எழுத்து. 1.44 மெகாபைட் கொள்ளும் பிளொப்பி ஒன்று சட்டைப் பையில். ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். குளிரூட்டிக்காக என்று சொன்னார்கள், பயத்துக்காக என்றுதான் நினைக்கிறேன். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். கொழும்பிலிருந்து வந்தவனிடம் வீட்டிலேயே கணினி இருக்கும், அவன் விரல் தட்டச்சுப் பலகையில் ஓடும். பதுளைப் பிள்ளை ஒரு விரலால் எழுத்துத் தேடும். ஆங்கில வழி விரிவுரை வேறு. தமிழில் வகையீடும் தொகையீடும் பிழையில்லாமல் போட்டவனுக்கு அங்கே அவற்றின் ஆங்கிலப் பேரே புரியாது. விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் வாய்த்தால் பிழைப்பான். வாய்க்காதவன் இரவு முழுவதும் அப்பியாசக் கொப்பியில் செய்நிரலை எழுதி, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, கையாலேயே ஓட்டிப் பார்ப்பான். ஆய்வுகூடத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எழுத்துத் தேடுவதில் தொலைக்க முடியாதல்லவா?

வறுமையைப் பெருமையாக்க நான் இதை எழுதவில்லை. ஆனாலும் கையால் ஓட்டிப் பார்த்த அந்தப் பழக்கம் பெரிய சொத்து. இன்றைக்கும் செய்நிரல் பாடத்தில் தடுக்கி விழும் பிள்ளைகளைப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றுதான் இல்லாமலிருக்கும்.

இனி இன்றைக்கு வருவோம்.

பதுளை நகரத்திலேயே பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005 இல் நிறுவப்பட்டது. கணினி விஞ்ஞானம் இருக்கிறது, தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பும் இருக்கிறது. மலைக்கு மேலே கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே கொழுந்து எடுக்கிறார்கள். அதற்காக அதைப் பதுளைப் பிள்ளைகளின் பல்கலைக்கழகம் என்று நினைத்துவிடக்கூடாது. அனுமதி நாடு முழுவதற்குமானது. பசறைப் பிள்ளைக்கு ஒலுவில் வளாகம் கிடைக்கும், கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகம் கிடைக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு பதுளைக்கு வரும்.

பாடசாலையிலும் கணினி வந்தாயிற்று. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளை, பாய்ச்சற் கோட்டுப் படமும் போலிக் குறிமுறையும் படித்து, தன் முதல் செய்நிரலை பாஸ்கலில் எழுதுகிறது. நிக்லவுஸ் விர்த் 1970 இல் மாணவருக்காகவே வடிவமைத்த மொழி. தொண்ணூறுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போய்த்தான் பார்க்கக் கிடைத்தது, இன்றைக்குப் பதினைந்து வயதில் தமிழ்ப் பாடநூலில் வருகிறது. உயர்தரத்தில் அதே பாடம் பைதன் மொழியில். 2013 இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்தது. இணைந்த கணிதம் இல்லாமலும் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கலாம் என்ற வழி அதனால் திறந்தது. பாடசாலைகளுக்கு மஹிந்தோதய ஆய்வுகூடங்கள் வந்தன, அதற்கு முன்பே 2005 அளவில் ஊர்களுக்கு நெனசல கணினி நிலையங்கள் வந்தன. சில தோட்டங்களில் அவை நன்றாக ஓடின, சிலவற்றில் பெயர்ப்பலகைதான் ஓடியது.

ஒரு சிக்கல் வெளியே அதிகம் தெரியாது. பொறியியல் பீடம் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். ஆகவே பீடத்துக்குப் போகும் பிள்ளை பெரும்பாலும் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திராது. பாடசாலையில் பைதன் படித்தவன் வேறு பட்டப்படிப்புக்குப் போகிறான், பொறியியலுக்குப் போகிறவன் பைதனை முதல் வருடத்தில்தான் பார்க்கிறான். பேராதனையிலும் மொறட்டுவையிலும் சிவிலோ கெமிக்கலோ, எந்தத் துறைக்குப் போகவிருப்பவரும் முதல் வருடத்தில் செய்நிரலாக்கம் படித்தே ஆகவேண்டும். கொழும்பு, கண்டிப் பிள்ளைகள் பரீட்சை முடிந்த இடைவெளியிலேயே ஒரு வகுப்புக்குப் போய் வந்துவிடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை அந்த இடைவெளியில் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறது.

இதற்கும் ஒரு மருந்து வந்திருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த, தொலைக்கல்வி நிலையம், தொடக்கநிலையினருக்கான பைதனிலிருந்து முழு மென்பொருள் உருவாக்கம் வரை இணையத்தில் இலவசமாகக் கற்பிக்கிறது. சான்றிதழும் உண்டு. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். போன் இருந்தால் போதும் என்கிறார்கள்.

போன் இருக்கிறது. சிக்னல்தான் கேள்வி. 2021 இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பதுளை மாவட்டத்திலிருந்து போன செய்திகள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. மஹியங்கனைப் பக்கம் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் ஏறினார்கள். லுணுகலைப் பக்கத்தில் மலை மேல், நிலத்திலிருந்து முப்பது அடி உயரத்தில் மரத்தில் ஒரு வீடு. அங்கேதான் சிக்னல். பெரியவர்கள் துணைக்குப் போனார்கள். படத்தைப் பார்த்து உலகம் பாராட்டியது. எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை. அடுத்த வருடமே நாட்டில் டொலர் இல்லாமல்போய், ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. மரத்தில் ஏறினாலும் போனில் சார்ஜ் இல்லை.

இப்போது பெரும்பாலான இடங்களில் சிக்னல் நிலைமை பரவாயில்லை. லயத்துக் கூரைக்குக் கீழே, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, பைதன் ஓட்டும் செயலியில் கட்டைவிரலால் செய்நிரல் எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பைதனில் வரியின் தொடக்கத்து இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. சின்னத் திரையில் அதைச் சரியாக வைப்பது, அட்டையில் ஏழாவது நிரலைப் பிடித்த பழைய பாடுதான்.

பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. கோயில் மண்டபம். கற்பிப்பவர் தோட்டத்திலிருந்து போய்ப் பொறியியல் முடித்த இளைஞர். மாணவர்கள் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். வழக்கமாக முதல் நாள் கணினியை உலகத்துக்கு வணக்கம் சொல்ல வைப்பார்கள். இவர் அதைச் செய்யவில்லை. பலகையில் எழுதினார்:

கிலோ 18 அல்லது அதற்கு மேல் எனின், பேர் = 1
இல்லையேல், பேர் = 0.5

மண்டபத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குறித்த கிலோ எடுத்தால் செக்ரோல் பதிவில் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், குறைந்தால் அரைப் பேர். எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அரைப் பேர் விழுந்த மாதம் வீட்டில் எப்படியிருக்கும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

அடுத்து அவர் பாடத்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனார். ஒரு நாளைக்குக் காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் பையின் எடையைக் கழிக்கவேண்டும், பிறகு கூட்டவேண்டும். அதுதான் மீள்செயல். மூன்று தடவை அதே வேலையைச் செய்வதற்கு மூன்று தடவை எழுதத் தேவையில்லை என்றார். கழித்து வந்த எடைகளை உதாரணத்துக்குக் கொடுத்தார்: 6.7, 5.8, 5.9. கூட்டினால் 18.4. முழுப் பேர்.

"இப்ப பின்னத்தை வெட்டுவோம்" என்றார். பைதனில் தசமத்தை முழு எண்ணாக்கும் கட்டளை ஒன்று உண்டு. கிட்டிய எண்ணுக்கு மாற்றாது, புள்ளிக்குப் பிறகு உள்ளதைத் தூக்கி எறிந்துவிடும். மூன்றையும் கூட்டிவிட்டு வெட்டினால் 18. முழுப் பேர் அப்படியே இருக்கிறது. அதே கட்டளையை மீள்செயலுக்கு உள்ளே போட்டு, ஒவ்வொரு நிறுவையிலும் வெட்டினால் 6, 5, 5. மொத்தம் 16.

ஒரு மாணவி கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள். "சேர், அப்ப அரைப் பேரு."

"ஆமா."

"கொழுந்து அதேதானே சேர்?"

"கொழுந்து அதேதான் தங்கச்சி. கட்டளை எந்த வரியில நிக்குதுங்கிறதுதான் வேற."

பின்வரிசையில் ஒரு பையன், "அந்த 18 அ யாரு சேர் போட்டது?" என்றான். சிரிப்பு எழுந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. அது மாறியா, மாறிலியா என்று எல்லோரையும் எழுதி வரச் சொன்னார்.

செய்நிரலாக்கம் கற்பிக்கப்பட்டதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இதைவிட நல்ல முதல் பாடம் பார்த்ததில்லை. உள்ளீடு, நிபந்தனை, மீள்செயல், தரவு வகை, எல்லாம் ஒரு கொழுந்துப் பைக்குள் வந்துவிட்டது. இதில் இன்னொரு நியாயமும் உண்டு. முன்பு நிறுத்தவர் கணக்கப்பிள்ளை. எடை குறைத்துப் போட்டால் அவரோடு சண்டை போடலாம், தலைவரிடம் சொல்லலாம், துரையின் ஒபிசுக்குப் போகலாம். இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. அட்டையைக் காட்டினால் பெயர் வரும், எடை பதிவாகும், துண்டு அச்சாகும். கணக்கு எங்கோ இருக்கும் செய்நிரலில் நடக்கிறது. தராசு பொய் சொல்லுகிறது என்று நான் சொல்லவரவில்லை. பழைய முறையைவிட ஒழுங்காக நிறுக்கும் தராசுகள் நிச்சயம் உண்டு. ஆனால் பை எடை எவ்வளவு கழிகிறது, பின்னம் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருக்கவேண்டும். மெஷினோடு சண்டை போட முடியாது, மெஷினுக்கு எழுதியவரிடம் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை, முதல் வருடத்து முதல் மாதப் பாடம் போதும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. பைதனில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. அத்தனையையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆகவே செய்நிரல் எழுத ஆங்கிலம் பெரிய தடை அல்ல. தமிழிலேயே கட்டளை எழுதக்கூடிய எழில் என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார், முதல் நாள் பயத்தைப் போக்க அது நல்லது. தடை வேறிடத்தில். செய்நிரல் பிழைக்கும்போது கணினி ஆங்கிலத்தில் ஏசும். அந்த ஏச்சு புரியாமல்தான் பிள்ளைகள் மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் விடுதி அண்ணன் இருந்தார். இன்றைக்கு சாட்ஜிபிடி இருக்கிறது. பிழைச் செய்தியை அப்படியே ஒட்டி, தமிழில் சொல்லு என்றால் சொல்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்கும் சொல்கிறது, சலித்துக்கொள்வதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து தமிழில் விளக்க ஓர் ஆள் கிடைத்திருப்பது இதுவரை இல்லாத வரம்தான். கெடுதலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிழை என்ன என்று கேட்கும் பிள்ளை, மூன்றாவது வாரத்தில் முழுச் செய்நிரலையும் எழுதித் தா என்று கேட்கத் தொடங்குகிறது. பல்கலைக்கழகப் பரீட்சையில் தாளைக் கொடுத்து, இந்த மீள்செயல் முடியும்போது இந்த மாறியின் பெறுமானம் என்ன என்று கேட்பார்கள். அங்கே போன் கிடையாது. அப்பியாசக் கொப்பியில் கட்டம் போட்ட அந்தப் பழைய மாணவனின் வழியைத்தான் திரும்பப் பிடிக்கவேண்டும்.

மாறாமல் இருப்பது என்ன என்று கேட்டால், நான் கணினியைச் சொல்லமாட்டேன். கணித ஆசிரியர் இல்லாததைச் சொல்வேன். தமிழ் மொழி மூலம் உயர்தர இணைந்த கணிதம் நடத்தும் பாடசாலைகள் ஊவா மாகாணத்தில் மிகக் குறைவு. இருக்கும் இடங்களிலும் பௌதிகவியலுக்கு ஆள் இருந்தால் இரசாயனவியலுக்கு இருக்காது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவில் சேருகிறது. வசதியும் துணிவும் உள்ள சில வீடுகள் பிள்ளையை ஹட்டனுக்கோ, கண்டிக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பி அறை எடுத்துக் கொடுக்கின்றன. மற்றவர்களுக்கு அந்தக் கதவு பதினாறு வயதிலேயே சாத்தப்படுகிறது. முதல் வருடச் செய்நிரல் வகுப்பில் யார் உட்காருகிறார்கள் என்பது அங்கேதான் முடிவாகிவிடுகிறது.

மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ஆனால் கோட்டா மாவட்டத்தைத்தான் பார்க்கும், லயத்தைப் பார்க்காது. மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை, பதுளை நகரத்தின் பெரிய பாடசாலையில் மூன்று பாடத்துக்கும் ஆசிரியரும் டியூஷனும் உள்ள பிள்ளையோடு ஒரே பட்டியலில் போட்டி போடுகிறது. மாவட்டம் பின்தங்கியது என்பதன் பலன், மாவட்டத்துக்குள் முன்னே நிற்பவர்களுக்கே போய்ச் சேருகிறது. இது யாருடைய சூழ்ச்சியும் இல்லை. கணக்கு அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

பணத்தையும் சொல்லவேண்டும். 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 இல் அடிப்படை 1,350. அந்தச் சம்பளத்தில் ஒன்றரை இலட்ச ரூபா லெப்டொப்புக்கு ஒரு தாய் 112 நாள் முழுப் பேர் போடவேண்டும், அதுவும் சாப்பிடாமல். அரைப் பேர் விழுந்தால் கணக்கு நீளும். 1980களின் தொடக்கத்தில் வந்த மஹாபொல புலமைப்பரிசில் இன்றும் கை கொடுக்கிறது, ஆனால் அது விடுதிச் சாப்பாட்டுக்கே போய்விடும். முதல் வருடத்தில் நண்பனின் லெப்டொப்பை அவன் தூங்கிய பிறகு வாங்கி வேலை செய்யும் மாணவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்த மலையில் பிறந்து பொறியியல் படித்து இன்று கொழும்பிலும் மெல்பேர்னிலும் டொரொண்டோவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஊருக்கு வரும்போது லெப்டொப் கொடுக்கிறீர்கள், படம் எடுக்கிறோம், நன்றி. அதில் பாதியை ஒரு கணித ஆசிரியரின் மாதச் சம்பளமாகக் கொடுங்கள். ஒரு பாடசாலையில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் ஆள் வைத்து, இரண்டு வருடம் விடாமல் நடத்த எவ்வளவு முடியும் என்று பழைய மாணவர் சங்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஊருக்கு வர முடியாதவர்கள் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் வாருங்கள், பாடம் எடுக்கவேண்டாம், பிள்ளைகளின் பிழைச் செய்தியை வாசித்துச் சொன்னால் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோரே, உங்கள் பாடசாலையின் கணினி ஆய்வுகூடச் சாவி அதிபரின் மேசை லாச்சியில் தூங்குகிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தூங்கினால், பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அதைத் திறந்து வைக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள்.